வெளிச்சம் வேறு, வெக்கை வேறு: ஒரு நரம்பு நோயும் திண்டுக்கல் வெயிலும்

'நம்ம ஊர் வெயிலுக்கு இந்த நோயெல்லாம் வராதுங்க.' மல்ட்டிப்பிள் ஸ்கிளீரோசிஸ் என்ற நோயைப் பற்றிப் பேச்சு எழும்போது திண்டுக்கல் பக்கம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். உறவுக்காரர்கள் ஆறுதலாகச் சொல்வார்கள். படித்த மருத்துவர்களும் ஒரு காலத்தில் சொன்னார்கள். கேட்பதற்கு வெள்ளந்தியான பேச்சு போலத் தோன்றும் இந்த வாக்கியத்துக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு மருத்துவக் கதையாடல் இருக்கிறது. சூரியனும் நரம்பும் எப்படி இணைத்துப் பேசப்பட்டன, அந்தப் பேச்சில் யாருடைய உடல் அளவுகோலாக இருந்தது, யாருடைய உடல் கணக்கிலேயே வரவில்லை என்பதை எழுதிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

நோயை முதலில் சொல்லிவிடுகிறேன். மூளையிலும் முதுகுத்தண்டிலும் ஓடும் நரம்பிழைகளுக்கு மயலின் என்றொரு உறை உண்டு, மின்கம்பிக்கு மேல் இருக்கிற பிளாஸ்டிக் மாதிரி. உடலின் எதிர்ப்பாற்றலே அந்த உறையை அங்கங்கே அரித்துவிடுகிறது. ஒரு கண் மங்கும், கால் இழுக்கும், கை மரத்துப்போகும். சில வாரங்களில் சரியாகும், பிறகு வேறொரு இடத்தில் வரும். இருபது, முப்பது வயதுகளில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். 1868இல் பாரிசில் ஷார்க்கோ இதைத் தனி நோயாக வரையறுத்தார். தமிழ்நாட்டு அரசுத் தாள்களில் 'தண்டுவட மரப்பு நோய்' என்று பெயர். மரப்பு என்ற சொல் நன்றாகவே பொருந்தியிருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை, எம்.எஸ். என்றால்தான் புரிகிறது.

இந்த நோய்க்கு ஒரு வரைபடம் உண்டு. பூமத்திய ரேகையிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் தள்ளிப் போகப் போக நோயாளிகளின் விகிதம் கூடும். 1960இல் அச்சிசனும் உடன் பணியாற்றியவர்களும் அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளை வைத்து, இதைச் சூரிய ஒளியின் அளவோடு பொருத்திக் காட்டினார்கள். 1974இல் கோல்ட்பெர்க், ஒளியால் தோலில் உண்டாகும் வைட்டமின் டி தான் நடுவிலிருக்கும் கண்ணி என்று ஊகித்தார். 1990இல் இங்கிலாந்தில் வெளியான எலியன், நைட்டிங்கேல், டீன் மூவரின் ஆய்வு இன்னும் முக்கியமானது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் குடியேறியவர்களிடம் நோய் குறைவு, ஆனால் அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளிடம் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் போலவே அதிகம். ஆக, இனத்தின் ரத்தத்தில் எழுதப்பட்ட பாதுகாப்பு என்று ஒன்றும் இல்லை. இடமும் வளரும் சூழலும்தான் பேசுகின்றன.

வரைபடத்தின்படி திண்டுக்கல் பத்தேகால் பாகை வடக்கில், பத்திரமான பட்டைக்குள் இருக்கிறது. இங்கேதான் என் முதல் சண்டை. பாகை அளப்பது நிலத்தின் மேல் விழும் வெயிலை. உடலின் மேல் விழும் வெயிலை அல்ல. ஒரே ஊரில், ஒரே நண்பகலில், ஒட்டன்சத்திரத்துத் தக்காளிக் காட்டில் குனிந்து நிற்பவளும், வேடசந்தூர் சாலையோர மில்லுக்குள் நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்பவளும் ஒரே பாகையில்தான் நிற்கிறார்கள். மும்பையின் பார்சிகள் இந்தச் சிக்கலை வேறு விதத்தில் காட்டினார்கள். அந்தச் சமூகத்தில் நோய் இலட்சத்துக்கு இருபத்தைந்துக்கு மேல் என்று வாடியாவும் பாட்டியாவும் 1990இல் எழுதினார்கள். அதே ஊர், அதே வெயில். 1980களின் பிற்பகுதியில் எம்.ஆர்.ஐ. எந்திரங்கள் இந்தியாவுக்குள் வந்தன. அதற்குப் பிறகு 'அரிது' என்ற சொல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. மங்களூரில் லேகா பண்டிட் குழு 2014இல் தந்த கணக்கு இலட்சத்துக்கு எட்டு. ஐரோப்பாவின் வடக்கோடு ஒப்பிட்டால் இது இன்றும் குறைவுதான். வரைபடத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. ஆனால் குறைவு என்பது வேறு, வராது என்பது வேறு. 'வராது' என்று நம்பிய இடத்தில் கால் மரத்த பெண்ணுக்கு முதுகெலும்புக் காசநோய், ரத்தசோகை, கடைசியில் 'மனசு சரியில்லை' என்று ஒவ்வொன்றாகப் பெயர் சூட்டிக்கொண்டே போவார்கள். அதற்குள் வருடங்கள் ஓடிவிடும்.

இன்னும் பின்னால் போனால் கதை தலைகீழாக இருக்கிறது. இன்று வெயில் குறைந்தால் நரம்பு கெடும் என்கிறோம். 1900 வாக்கில் வெயில் பட்டால் நரம்பு கெடும் என்பதே மருத்துவம், அதாவது வெள்ளைக்கார நரம்பு. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய்க்குத் தலையில் நெட்டித் தொப்பி மட்டும் போதவில்லை. முதுகுத்தண்டுக்குள் கதிர் ஊடுருவிவிடும் என்று சட்டைக்கு மேல் பஞ்சு வைத்துத் தைத்த பட்டை ஒன்றையும் முதுகில் கட்டினார்கள். 1905இல் வுட்ரஃப் என்ற அமெரிக்கப் படை மருத்துவர், வெப்பமண்டலத்தின் வெளிச்சம் வெள்ளையரை நரம்புத் தளர்ச்சிக்குள் தள்ளுகிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். அதை நம்பி பிலிப்பைன்சில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஆரஞ்சுச் சிவப்பு உள்ளாடை போட்டுப் பரிசோதித்தார்கள். வெளிச்சத்தைத் தடுக்குமாம். சிப்பாய்கள் வெக்கையில் புழுங்கியதுதான் மிச்சம். சிரிக்க வேண்டிய கதைதான், ஆனால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. ஏனென்றால் இந்த அச்சத்தின் மேல்தான் நம் மாவட்டத்தின் மலையூர் ஒன்று எழுந்தது.

1845இல் மதுரையின் அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் வெக்கைக்கும் காய்ச்சலுக்கும் தப்பி கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அதில் ஒன்றுக்கு 'சன்னிசைட்' என்று பெயர் வைத்தார்கள். வெயிலுக்குப் பயந்து ஓடியவர்கள் வீட்டுக்கு வெயிற்பக்கம் என்று பெயர் வைத்ததை என்னவென்று சொல்வது? அவர்களுக்கு வேண்டியிருந்தது வெக்கை இல்லாத வெளிச்சம். மோட்டார் பாதை வருவதற்கு முன் அந்த வெளிச்சத்துக்கு அவர்களை டூலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் சமவெளிக் கூலிகள். அவர்களுடைய முதுகுக்குப் பஞ்சுப் பட்டை யாரும் தைக்கவில்லை. ஃபூக்கோ 1963இல் எழுதிய மருத்துவமனை வரலாற்றை நம் சிற்றிதழ்களில் நிறையவே பேசியாயிற்று. அங்கே மருத்துவனின் பார்வைக்குக் கீழே கிடந்தது பாரிஸ் நகரத்து ஏழையின் உடல். டூலி தூக்கியவன் அந்தப் பார்வைக்குள்ளேயே வரவில்லை. பார்க்கப்படுவதும் அதிகாரம்தான், பார்க்காமலே விடப்படுவதும் அதிகாரம்தான்.

சூரியனை மட்டும் விடாமல் பார்த்தார்கள். 1876–78இன் தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனின் மாற்றங்களுக்கும் தொடர்பு இருக்குமா என்ற கேள்வியிலிருந்துதான் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் பிறந்தது. 1901 முதல் வேலை நடக்கிறது. 1909இல் எவர்ஷெட் அங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டு சொன்னார். நூறாண்டுக்கும் மேலான சூரியப் படங்கள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன.

வெளிச்சத்தை மருந்தாக்கியவர்களின் கதையிலும் இதே ஆசைதான்: வெளிச்சம் வேண்டும், வெக்கை வேண்டாம். டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் 1890களில் தோல் காசநோய்க்கு மின்வில் விளக்கின் ஒளியைப் பாய்ச்சினார். தோல் வெந்துவிடாமலிருக்க ஒளியைக் குவார்ட்ஸ் கண்ணாடி வழியாகவும் குளிர்நீர் வழியாகவும் வடித்து அனுப்பினார். 1903இல் நோபல் பரிசு. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லேசான் மலையில் ரோலியே சூரிய மருத்துவமனை திறந்தார். பனிக்காற்றில் பால்கனியில் கட்டிலைப் போட்டு எலும்புக் காசநோயாளிகளை வெயிலில் கிடத்துவது. 1930 வாக்கில் அங்கே ஒரு தொழிற்சாலை மருத்துவமனையும் வந்தது. ஏழை நோயாளிகள் வெயிலில் படுத்தபடியே சிறு பொருள்களைச் செய்து கூலி பெற்றார்கள். இந்தத் தொழிற்சாலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

நம் பக்கம் ஒளி மருத்துவம் காசநோய் வழியாகவே வந்தது. 1915இல் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம், 1928இல் தாம்பரம். தாம்பரத்தை நிறுவிய சௌரி முத்து முன்பு இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் திறந்தவெளி மருத்துவம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் 1917இல் கொஞ்ச காலம் அவரிடம்தான் இருந்தார். இந்த மரபை முடித்து வைத்ததும் சென்னைதான். 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் மருந்தாய்வு மையம் 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்காத குறையாக இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினர் சானடோரியத்தில், இன்னொரு பகுதியினர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே. இருவருக்கும் ஒரே மாத்திரைகள். 1959இல் முடிவு வந்தது. நல்ல காற்றும் வெளிச்சமும் ஓய்வும் சத்துணவும் இல்லாத வீட்டிலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். ஏழைகளுக்கு இது பெரிய விடுதலை, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதோடு சேர்ந்து, வெளிச்சம், காற்று, வீடு, ஓய்வு என்பதெல்லாம் மருத்துவத்தின் பேச்சிலிருந்தே கழன்றுபோய் மாத்திரை மட்டும் நின்றது.

சூரியனே மாத்திரையானது அதற்கும் முந்தி நடந்தது. 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி, எலும்பு வளைந்த குழந்தைகளைப் புற ஊதா விளக்கால் குணப்படுத்தினார். 1920களில் விஸ்கான்சினில் ஸ்டீன்பாக், உணவுப் பொருளின் மேல் அந்த ஒளியைப் பாய்ச்சினாலே அதில் வைட்டமின் டி உண்டாவதைக் கண்டார். கண்டதும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பணம் பல்கலைக்கழக ஆய்வுக்கே போயிற்று என்பார்கள், உண்மைதான். ஆனாலும் ஒன்று நடந்துவிட்டது. இடத்தோடும் நேரத்தோடும் வேலையோடும் ஒட்டிக்கிடந்த வெயில், இடமில்லாத, யூனிட் கணக்கில் விற்கக்கூடிய சரக்காயிற்று. இனி யாரும் யாரையும் வெயிலில் விட வேண்டியதில்லை.

எம்.எஸ். விஷயத்தில் அந்தச் சரக்கு வேலை செய்கிறதா? 2006இல் மங்கரும் ஆஷெரியோவும் அமெரிக்கப் படையினரின் சேமித்த ரத்தத்தைச் சோதித்து, வைட்டமின் டி அதிகமிருந்த வெள்ளையருக்கு நோய் வாய்ப்பு வெகுவாகக் குறைவு என்றார்கள். கறுப்பரிடமும் ஹிஸ்பானியரிடமும் அந்தத் தொடர்பு தெரியவில்லை. உலகமெங்கும் பரவியது முதல் வாக்கியம் மட்டும். 2018இல் தெற்குக் கலிபோர்னியாவில் லேங்கர்-கூல்ட் குழு இரண்டையும் பிரித்துப் பார்த்தது. வாழ்நாளில் வெயில் அதிகம் பட்டவர்களுக்கு நோய் குறைவு, இது வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பொருந்தியது. ரத்தத்தில் வைட்டமின் அளவு பொருந்தியதோ வெள்ளையருக்கு மட்டும். அதாவது வெயிலின் வேலையை அந்த ஒரு வைட்டமினே முழுவதும் செய்யவில்லை. ஸ்டீன்பாக்கின் மாணவரான டெலூக்காவின் ஆய்வகத்திலேயே 2010இல், எலிகளில் புற ஊதா ஒளி வைட்டமினின் துணையில்லாமலே நோயை அடக்குகிறது என்று காட்டினார்கள். காப்புரிமை வாங்கிய வீட்டிலிருந்தே இந்த மறுப்பு வந்தது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

ஒளியை நேராக மனிதர்களுக்குத் தந்து பார்த்த சோதனை ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் 2018இல் வெளிவந்தது. நோயின் முதல் தாக்குதல் வந்த இருபதே பேர். எட்டு வாரத்தில் இருபத்துநான்கு முறை குறுகிய அலைப் புற ஊதா ஒளி. ஓராண்டில் ஒளி பெறாதவர்கள் அனைவருக்கும் நோய் உறுதியானது, பெற்றவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு. நம்பிக்கை தருகிறது, ஆனால் இருபது பேரை வைத்து ஒன்றும் நிறுவ முடியாது. மாத்திரைச் சோதனைகளில் 2023இன் அமெரிக்க ஆய்வும் 2024இன் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வும் பலனில்லை என்றன. 2025இல் பிரான்சில் வந்த ஆய்வு வேறு சொன்னது. நோய் தொடங்கிய உடனே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு லட்சம் யூனிட் கொடுத்தவர்களில் 60 சதவீதத்தினரிடமும், வெற்று மருந்து பெற்றவர்களில் 74 சதவீதத்தினரிடமும் நோய் மீண்டும் தலைகாட்டியது. பலன் உண்டு, மிதமான பலன். தீவிர மருந்துகளுக்கு மாற்றாக இதைச் சொல்ல அந்த எண்கள் இடம் தரவில்லை. ஆனால் நம் ஊரில் ஆறு லட்சம் யூனிட் ஊசியைக் கால்வலிக்குப் போடுவதுபோலப் போட்டுவிடுகிறார்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பழுதாகும். பிரேசிலில் கொயிம்ப்ரா என்ற மருத்துவர் பரப்பிய பேரளவு முறையைப் பின்பற்றி அப்படிச் சீரழிந்தவர்கள் உண்டு. மாத்திரையை நம்பி நரம்பு மருத்துவரின் மருந்தை நிறுத்தாதீர்கள். இந்த இடத்தில் கோட்பாடு பேச நான் தயாரில்லை.

சரி, வைட்டமினை விட்டுவிட்டு வெயிலிலேயே நிற்கலாமே என்றால், நோய் குறுக்கே நிற்கிறது. 1890இல் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், எம்.எஸ். நோயாளிகளுக்கு உடல் உழைப்புக்குப் பின் பார்வை மங்குவதை எழுதினார். காரணம் உடற்சூடு என்பது பிறகு தெளிந்தது. உறை அரிபட்ட நரம்பில் மின்னோட்டம் தட்டுத்தடுமாறித்தான் ஓடுகிறது. உடல் அரை பாகை சூடானாலே அது நின்றுவிடலாம். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து, பலவீனம் கூடுகிறதா என்று பார்த்தே நோயைக் கண்டுபிடித்தார்கள். திண்டுக்கல்லின் சித்திரை மாதம் ஊர் முழுவதற்குமான வெந்நீர்த் தொட்டி. தோலில் வைட்டமின் உண்டாகும் நேரம் நம் தெற்கில் பகல் பதினொன்றிலிருந்து இரண்டு வரை என்று திருப்பதியில் ஹரிநாராயண் அளந்திருக்கிறார். காலையிளம் வெயில் கண்ணுக்கு இதம், அந்தக் கதிர் அதில் போதாது. வெளிச்சம் மருந்தாகும் அதே மூன்று மணி நேரத்தில்தான் வெக்கையும் உச்சத்தில் நிற்கிறது. லேசானில் பனிக்காற்று செய்த வேலையை இங்கே செய்ய ஆளில்லை.

என் பெரியம்மா மகள் இந்த நோயோடு பதினோரு வருடமாக இருக்கிறாள். பதினாறு வயதில் மில் விடுதிக்குப் போனவள். ஒருநாள் கேட்டாள்: 'ஒரு டாக்டரு வெயில்ல நில்லுங்கிறாரு. இன்னொருத்தரு வெயில்பக்கமே போவாதங்கிறாரு. நான் எங்கதான்டா தம்பி நிக்கிறது?' நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவளே சொன்னாள்: 'மில்லுல இருந்தப்ப இந்தக் கேள்வியே இல்ல. வெயிலே பாக்கல. ஆனா வேர்த்து ஊத்தும்.'

அவள் போகிறபோக்கில் சொன்னதில் எனக்கு இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது. பஞ்சு நூல் அறாமலிருக்கக் காற்றில் ஈரம் வேண்டும். அதனால் நூற்பாலையின் கொட்டகை மூடப்பட்டு, செயற்கை ஈரப்பதம் ஏற்றப்பட்டு, எந்திரச் சூட்டில் புழுங்கிக்கொண்டிருக்கும். கண்ணாடி சன்னல் இருந்தாலும் வைட்டமின் தரும் புற ஊதாக் கதிர் கண்ணாடிக்குள் நுழையாது. கொடைக்கானலிலும் லேசானிலும் வெக்கையை நீக்கி வெளிச்சத்தை எடுத்துக்கொண்டார்கள். இங்கே வெளிச்சத்தை நீக்கிவிட்டு வெக்கையை மட்டும் தொழிலாளியிடம் தந்தார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் திண்டுக்கல், கோவை, திருப்பூர், ஈரோட்டு ஆலைகள் வளரிளம் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுத்ததை 2011இல் சோமோ அறிக்கை உலகுக்குச் சொன்னது. முடிவில் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை, அதுவரை விடுதிக் காவல். தலித் பெண்கள் அதில் பெருவாரி. சுற்றுச்சுவருக்கு வெளியே போகத் தடை இருந்ததை அடிமைத்தனம் என்று சரியாகவே எழுதினோம். அதே சுவர், எலும்பும் எதிர்ப்பாற்றலும் முதிரும் வயதில் அவர்களிடமிருந்து சூரியனையும் மறித்தது என்று எழுதவில்லை. இந்த ஆலைகளால் எம்.எஸ். வந்தது என்று நான் சொல்லவில்லை; எப்ஸ்டைன்-பார் என்ற வைரசின் பங்கு 2022இல் உறுதிப்பட்ட பிறகு, ஒற்றைக் காரணம் தேடுவதே வீண். ஆனால் வெயில் அடிக்கிற ஊர் என்பதால் உடம்பில் வெயில் இருக்கும் என்ற பொதுப்புத்தி பொய். 2007இல் திருப்பதி வட்டாரத்து ஆய்வில் கிராமத்து ஆண்களில் 44 சதவீதத்தினருக்கும் பெண்களில் 70 சதவீதத்தினருக்கும் வைட்டமின் டி பற்றாக்குறை. வயல்வேலை செய்கிற கிராமத்திலேயே இப்படி. ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவிலிருக்கும் அந்த இருபத்தாறு சதவீதத்தில் சேலை இருக்கிறது, அடுப்படி இருக்கிறது, 'வெயில்ல நிக்காத, கறுத்துருவ' என்ற அம்மாவின் குரலும் இருக்கிறது.

2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு ஏழாக இருந்த பட்டியலை இருபத்தொன்றாக்கி எம்.எஸ்.சையும் சேர்த்தது. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். முன்பு மதுரைக்கு ஓட வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், ஒரு தலித் பெண் தொழிலாளியின் கொலைக்குப் பின் நடந்த போராட்டத்தால், பாலியல் வன்முறைக்கு எதிரான திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெண்களே முன்னின்ற சங்கம் ஒன்று ஆலை நிர்வாகத்தையும் வெளிநாட்டு ஆடை நிறுவனத்தையும் கட்டுப்படுத்த முடிந்தது என்றால், ஷிப்டுக்கு நடுவே திறந்தவெளியில், நிழலும் வெயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஓர் இடத்தில், அரைமணி நேரம் உட்காரும் உரிமையையும் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கலாம். ரோலியேயின் தொழிற்சாலையில் கட்டிலையே வெயிலுக்கு இழுத்துப் போட்டார்கள். நான் கேட்பது ஒரு திண்ணைதான்.

அந்த மேசையில் ஒரு பழைய வாசகத்தையும் எடுத்துப் போட வேண்டியிருக்கும். 1948இன் தொழிற்சாலைகள் சட்டத்தில் 17ஆம் பிரிவு வெளிச்சத்தைப் பற்றியது. தொழிலாளர்கள் வேலை செய்கிற, நடமாடுகிற இடமெல்லாம் போதுமான வெளிச்சம் இருக்க வேண்டும். அது இயற்கையானதாகவோ செயற்கையானதாகவோ இரண்டுமாகவோ இருக்கலாம் என்று அது எழுதிவைத்திருந்தது. நூல் அறுந்தது கண்ணுக்குத் தெரிய டியூப்லைட் போதும் என்பதால் முக்கால் நூற்றாண்டாக அந்த 'ஆகவோ'வை யாரும் கேள்வி கேட்கவில்லை.